விழுந்த மாமரத்தைச் செயின்சா மில் கொண்டு பலகையாக அறுப்பது எப்படி?

நிழல்மரம் எழுதியது:

வீட்டுக்குப் பின்னால் நின்ற மாமரம் அண்மையில் அடித்த காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. கிளைகளைக் கழித்து அப்புறப்படுத்திவிட்டேன். அடிமரம் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம். அடிப்பக்கம் 68 செ.மீ. குறுக்களவு, நுனிப்பக்கம் 56 செ.மீ. பொந்து இல்லை. தட்டிப் பார்த்தால் ஓசை கெட்டியாகவே கேட்கிறது. விறகுக்குக் கேட்டு வந்தவர்களிடம் தர மனம் வரவில்லை. அம்மா வைத்த கன்று அது. அதன் பலகையில் ஒரு பெரிய மேசை செய்து வீட்டில் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மரம் கிடக்கும் இடத்துக்கு வண்டி வர வழியில்லை. நடுவே ஆள் மட்டும் போகக்கூடிய சந்துதான். அறுவை மில்லுக்கு மரம் போகாது, ஆகவே மில்தான் மரத்திடம் வர வேண்டும். செயின்சாவின் பாரில் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) ஓர் இரும்புச் சட்டகத்தை மாட்டி, மரத்தின் மேல் தள்ளிக்கொண்டே போய்ப் பலகை எடுக்கும் முறை ஒன்று இருப்பதாகப் படித்தேன். அலாஸ்கன் மில் என்கிறார்கள். என்னிடம் 59 சிசி செயின்சாவும் 50 செ.மீ. பாரும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு இந்த மரத்தை அறுக்க முடியுமா? உருண்டையான மரத்தில் முதல் அறுப்பை நேராக எடுப்பது எப்படி? பலகை என்ன கனம் இருக்க வேண்டும், எவ்வளவு காலம் காய வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

வாள்வாய் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. இதைப் படித்த கையோடு எழுந்து போய் மரத்தின் இரண்டு வெட்டுமுகங்களிலும் மெழுகுக் குழம்பைப் பூசுங்கள். அது இல்லையென்றால் மிச்சம் கிடக்கும் பெயின்டைக் கெட்டியாக இரண்டு பூச்சு பூசுங்கள். மரத்தின் ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டுமுகத்தின் வழியே வெளியேறும். முகம் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரமாக இருக்கும் மரம் இடம் கொடுக்காது, அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. ஏற்கெனவே மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டுப் புதுமுகத்தில் பூசுங்கள். தேக்கைப் போல நாள்பட்டுக் கிடக்கத் தாங்கும் மரமல்ல இது. ஈர மாமரத்தில் பூஞ்சையால் வரும் நீலக்கறை விரைவாகப் பரவும், பின்னாலேயே மரம் அரிக்கும் உளு வந்துவிடும். அறுப்பதாக இருந்தால் தள்ளிப்போடாமல் அறுங்கள்.

உங்கள் ரம்பத்தால் 68 செ.மீ. அகலம் வராது. சட்டகத்தின் பிடிகளும் ரம்பத்தின் முகப்பும் சேர்ந்து பாரில் 10 முதல் 15 செ.மீ. வரை எடுத்துக்கொள்ளும். 50 செ.மீ. பாரில் கைக்கு வருவது 35 முதல் 40 செ.மீ. அகலம்தான். உங்கள் மரத்துக்கு 90 செ.மீ. பார் வேண்டும். அந்தப் பாரை இழுக்க 90 சிசிக்குக் குறையாத எஞ்சின் வேண்டும். ஸ்டில் எம்எஸ் 661, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி எல்லாம் இந்த அளவில் வருபவை. மரத்தைக் குறுக்கே துண்டு போடும்போது ரம்பம் சிறிது நேரம்தான் முழு மூச்சில் ஓடுகிறது. பலகை எடுக்கும்போது நிமிடக் கணக்கில், இடைவிடாமல், முழுச் சுமையில் ஓடுகிறது. அதிலும் பற்கள் நார்களின் முனையைக் கொத்திக்கொண்டே முன்னேற வேண்டியிருக்கிறது. செயின்சாவுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

பெரிய ரம்பம் இரவலாகவோ வாடகைக்கோ கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் உங்கள் ரம்பத்தை வைத்தே வேறு வழி இருக்கிறது. மரத்தின் இரு பக்கவாட்டையும் செங்குத்தாகச் சீவி, 38 செ.மீ. அகலமுள்ள கட்டையாகக் குறுக்கிவிடுங்கள். பிறகு கிடைமட்டமாக அறுத்துக்கொண்டே வாருங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு பலகைகளைப் புத்தகத்தை விரித்தாற்போல அருகருகே வைத்து ஒட்டினால், ரேகை இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே பலகையை விட அந்த மேசை அழகு குறைந்தது என்று நான் சொல்லவே மாட்டேன்.

இப்போது முதல் அறுப்பு. வேறு எதில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள். சட்டகத்துக்குக் கண் கிடையாது. எந்தப் பரப்பின் மேல் ஓடுகிறதோ, அதைத்தான் கீழே அப்படியே நகலெடுக்கும். முதல் அறுப்பில் அது நீங்கள் கட்டும் வழித்தடத்தின் மேல் ஓடுகிறது. அடுத்த அறுப்பில், முதல் அறுப்பு விட்டுச்சென்ற பரப்பின் மேல் ஓடுகிறது. வழித்தடம் நடுவில் 5 மி.மீ. தொய்ந்திருந்தால் கடைசிப் பலகை வரை அந்தத் தொய்வு இறங்கும். ஒரு முனை முறுக்கியிருந்தால் எல்லாப் பலகையும் முறுக்கியே வரும்.

வழித்தடத்துக்கு நேரான அலுமினிய ஏணி போதும். மரத்தைவிட இரு முனையிலும் ஓர் அடி நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் சட்டகம் மரத்துக்குள் நுழையும் முன்பே உறுதியாக உட்கார்ந்திருக்கும், வெளியேறும்போதும் தலை சாயாது. இரு வெட்டுமுகங்களிலும் ஒரு பலகைத் துண்டைத் திருகாணியால் இறுக்கி, அவற்றின் மேல் ஏணியை ஏற்றிப் பிணையுங்கள். அந்தப் பலகைத் துண்டும் திருகாணிகளும் அறுப்புக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். வெட்டுமுகத்தில் கோட்டைக் கரியால் இழுத்து வைத்துக்கொண்டு, பார் எந்த உயரத்தில் ஓடப்போகிறது என்று அளந்து உறுதி செய்த பிறகே எஞ்சினைத் தொடுங்கள். ஏணியின் நடுப்பகுதிக்கும் மரத்துக்கும் இடையே ஆப்புகளைச் செருகி முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் ரம்பத்தின் எடைக்கே அது தொய்யும்.

ஏணியை எதற்கு இணையாக வைப்பது என்று பலரும் குழம்புவார்கள். பட்டைக்கு இணையாக வைக்கக் கூடாது, மரத்தின் நடுமையத்துக்கு இணையாக வைக்க வேண்டும். உங்கள் மரம் அடியில் 34 செ.மீ. ஆரம், நுனியில் 28 செ.மீ. ஆரம். மையம் ஓரளவு நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அடிப்பக்கம் ஏணி பட்டையைத் தொட்டு நிற்கும்போது நுனிப்பக்கம் பட்டையிலிருந்து 6 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அப்படி அறுத்தால் நடுமையம் முழு நீளத்துக்கும் ஒரே பலகைக்குள் அடங்கிவிடும். பட்டையைப் பார்த்து வைத்தால் மையம் இரண்டு பலகைகளில் சாய்வாக ஓடி இரண்டையும் வெடிக்க வைக்கும்.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். நேரான இரண்டு சட்டங்களை ஏணியின் இரு முனையிலும் குறுக்கே வையுங்கள். சில எட்டு பின்னால் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடி, முன் சட்டத்தின் மேல்விளிம்போடு பின் சட்டத்தின் மேல்விளிம்பைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே முறுக்கு இருக்கிறது. அந்தக் கீற்று முழு அகலத்துக்கும் ஒரே சீராக ஆகும்வரை ஆப்பைத் தட்டிக்கொண்டே இருங்கள். இதற்கு அரைநாள் போனாலும் பரவாயில்லை.

அடிமரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டைகள் மேல் கிடத்துங்கள். அறுத்துப்போகும் திசையில் லேசான இறக்கம் இருந்தால் ரம்பத்தின் எடையே பாதி வேலையைச் செய்யும், இடுப்பும் தப்பிக்கும். மரம் உருளாதபடி இரு பக்கமும் முளை அடியுங்கள். கணக்குக்குச் சொல்கிறேன், உங்கள் மரத்தின் கன அளவு ஏறத்தாழ முக்கால் கன மீட்டர். பச்சை மரம் என்பதால் முக்கால் டன் எடை இருக்கும் என்று நினைத்தே அதைக் கையாளுங்கள்.

அறுப்பு ஓரடி இரண்டடி போனதும் பின்னால் வாய்க்குள், அதாவது ரம்பம் அறுத்துவிட்ட பிளவுக்குள், ஆப்பு வைத்துக்கொண்டே வர வேண்டும். மேல்பலகை தன் எடையிலேயே அமுங்கிப் பாரைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம். வாயை அகலப்படுத்துவது ஆப்பின் வேலை அல்ல. வாயின் அகலமான 9 மி.மீ.ருக்கு முட்டுக் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. வீட்டோரம் நின்ற மரத்தில் ஆணி இல்லாமல் இராது. கொடி கட்டிய கம்பி, பலகை மாட்டிய ஆணி என்று எதுவோ ஒன்று உள்ளே புதைந்திருக்கும். உலோகம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி மரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கருநீலத் திட்டு ஒரு புள்ளியிலிருந்து கோடாக நீண்டு தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

---

பிஸ்டன் எழுதியது:

நான் செயின்சா பழுது பார்ப்பவன். பலகை அறுத்துக் கெட்டுப்போய் வரும் ரம்பங்களைத் திறந்தால் ஒரே காட்சிதான். பிஸ்டனின் பக்கத்தில் செங்குத்தாகக் கீறல்கள், எண்ணெய்ப் படலம் எரிந்துபோன அடையாளம். காரணம் சூடு.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவில் பெட்ரோல் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். கார்புரேட்டரில் உயர்வேகத் திருகு இருக்கும் ரம்பமானால் அதைச் சிறிது திறந்து, சுமையில்லாத உச்ச வேகத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். சுமையில்லாமல் முழு வேகம் கொடுக்கும்போது லேசாகத் திக்குவது போல ஓசை வர வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தத் திக்கல் மறைய வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் புதிய எஞ்சின்களில் இதைத் தொட வேண்டியதில்லை. எண்ணெய்க் கலவை கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் 50க்கு 1. நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

அறுப்பு முடிந்த உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் மெதுவேகத்தில் ஓடட்டும். விசிறி சூட்டை வெளியே தள்ளட்டும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் காற்று வடிகட்டியைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். பலகை அறுக்கும் தூள் மிக நுண்மையானது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பார் நீளம் 90 செ.மீ. ஆகும்போது ரம்பத்தின் எண்ணெய்ப் பம்பு மட்டும் போதாது. பாரின் மூக்குப் பக்கம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழும் துணைக்குப்பி ஒன்றைச் சட்டகத்தில் மாட்டுங்கள். சூட்டில் செயின் நீளும், இடையிடையே இறுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி எஞ்சின் தண்டையும் பாரையும் இழுத்துச் சேதப்படுத்தும்.

செயின் விஷயம். கடையில் சாதாரணமாக வருவதில் பல்லின் மேல்தட்டு 25 முதல் 35 டிகிரி கோணத்தில் தீட்டியிருக்கும். அது குறுக்கே வெட்டுவதற்கு. பலகைக்கு 10 டிகிரி செயின் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள்.

---

வாள்வாய் எழுதியது:

பிஸ்டன் சொன்ன எஞ்சின் விவரம் அத்தனையும் சரி. செயினில் மட்டும் ஒரு வார்த்தை. 10 டிகிரி செயின் கைக்கு வரும்வரை மாமரத்தைக் காக்க வைக்க வேண்டாம். சாதாரணச் செயினும் அறுக்கும். பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக வரும், இழைக்கும்போது கூடுதலாகச் சீவ வேண்டும், அவ்வளவுதான். கோணத்தைவிடக் கூர்தான் முக்கியம். ஒவ்வொரு டாங்க் பெட்ரோலுக்கும் ஒரு முறை அரம் போட்டே ஆக வேண்டும். வெட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

---

நிழல்மரம் எழுதியது:

ஐயா, இரண்டு முகத்திலும் பெயின்ட் பூசிவிட்டேன். 92 சிசி ரம்பமும் 90 செ.மீ. பாரும் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கிடைக்கிறது. கருவியை ஓட்டிப் பார்த்ததில் அடிப்பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒலி எழுப்பியது. உளியால் தோண்டி இரண்டு பழைய ஆணிகளை எடுத்தேன். கனமும் காய வைப்பதும் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. 5 செ.மீ. கனத்தில் அறுக்கலாம் என்று நினைக்கிறேன்.

---

இழைப்புளி எழுதியது:

தம்பி, நான் மேசை செய்பவள். மற்றவர்கள் அறுத்துக் கொண்டுவரும் பலகைகள் என் பட்டறைக்குத்தான் வந்து சேர்கின்றன. பலகை பாழாவது பெரும்பாலும் அறுக்கும்போது அல்ல, அறுத்து வைத்த பிறகுதான். வாள்வாய் ஐயா முதல் அறுப்புக்குச் சொன்ன அக்கறையில் பாதியாவது காய வைப்பதில் காட்டுங்கள்.

மேசை முடிந்து நிற்கும்போது என்ன கனம் வேண்டும்? 4 செ.மீ. என்றால் 5 செ.மீ.ரில் அறுத்தால் போதாது. 60 செ.மீ. அகலப் பலகை காயும்போது கனத்திலும் சுருங்கும், அகலவாக்கில் வளைந்தும் போகும். அந்த வளைவை இரு பக்கமும் சீவி மட்டமாக்கினால் 1 செ.மீ. எளிதில் போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 6 செ.மீ.ரில் அறுப்பேன். ஒன்றிரண்டு பலகை குறைந்தால் குறையட்டும். எப்படி அறுத்தாலும் வாய் 9 மி.மீ. தின்னும். எட்டு அறுப்பில் ஒரு முழுப் பலகைக்கும் மேலான மரம் தூளாகிவிடும். பலகையை மெல்லிசாக்க மெல்லிசாக்கத் தூளாகும் பங்கு கூடுகிறது.

ஏன் வளைகிறது என்று தெரிந்துகொண்டால் பல முடிவுகளை நீங்களே எடுப்பீர்கள். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பலகை சுருங்குவதில்லை. அதுவரை வெளியேறுவது நார்களின் உள்ளறையில் இருக்கும் நீர். அதற்குப் பிறகு நார்ச்சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் ஓட்டத்தோடு சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே ஒவ்வொரு பலகையும் பட்டை பார்த்த முகத்தில் கூடுதலாகச் சுருங்கி, ஓரங்கள் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். அடுக்கும்போது மேலிருந்து எடை அழுத்தினால் இது முழுவதும் நிற்காது, ஆனால் குறையும்.

அடுக்குவது இப்படி. கூரை வேண்டும், சுவர் வேண்டாம். நேர்வெயில் படக் கூடாது, காற்று ஊடாட வேண்டும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டம் பார்த்துக் கட்டைகளை வைத்து அவற்றின் மேல் முதல் பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடையே 25 மி.மீ. சதுரக் குச்சிகள், 40 செ.மீ. இடைவெளியில். குச்சிகள் காய்ந்த மரமாக, ஒரே கனமாக இருக்க வேண்டும். பச்சைக் குச்சி பட்ட இடம் பலகையில் கறையாக நிற்கும், எத்தனை இழைத்தாலும் உள்ளே தெரிந்துகொண்டிருக்கும். மேல்குச்சி கீழ்க்குச்சிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஒன்று விலகி நின்றாலும் மேலே உள்ள எடை அந்த இடத்தில் பலகையைக் கீழ்நோக்கி வளைக்கும். உச்சியில் பாறாங்கல்லோ சிமென்ட் கட்டிகளோ ஏற்றுங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

உளு பற்றி. அந்தப் பொடிவண்டுகளுக்கு வெளிமரத்தில் உள்ள மாவுச்சத்துதான் இரை. மாமரத்தில் அது நிறைய. பட்டையையும் முழுவதும் உரித்துவிடுங்கள், வேறு பல மரப்பூச்சிகள் பட்டையிலும் அதன் அடியிலும்தான் முட்டையிடும். அறுத்த அன்றே, பலகை ஈரமாக இருக்கும்போதே, போரான் உப்புக் கரைசலை எல்லா முகத்திலும் தாராளமாகப் பூசுங்கள். ஈர மரத்தில் போரான் தானாக உள்ளே ஊறிப் போகும், காய்ந்த மரத்தில் மேலோடு நின்றுவிடும். மழை பட்டால் கரைந்து வெளியேறும், அதனால்தான் கூரை.

எவ்வளவு காலம் என்றால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்று சொல்வது வழக்கம். உங்கள் 6 செ.மீ.ருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். அது தோராயம்தான். காற்றின் ஈரமும் வெப்பமும் அதை முன்னும் பின்னும் இழுக்கும். நான் எடையை நம்புகிறேன். கடைசியாக வரும் சிறிய பலகை ஒன்றைத் தனியாகக் குறித்துவைத்து மாதம் ஒரு முறை தராசில் வைத்து, எடையையும் தேதியையும் அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். முதலில் எடை மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். பல மாதங்கள் எண் மாறவே இல்லையென்றால் அந்த இடத்துக் காற்றோடு பலகை சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் வீட்டுக்குள் கொண்டுவந்து சில வாரம் வைத்துவிட்டு இழைப்பைத் தொடங்குங்கள்.

தூக்க ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. அகலம், 6 செ.மீ. கனம், இரண்டரை மீட்டர் நீளமுள்ள பச்சைப் பலகை 90 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மாம்பால் பலருக்குத் தோலில் கொப்புளம் கிளப்பும். முகக்கவசம், காதுக்காப்பு, கண்ணாடி மூன்றும் கட்டாயம். குனிந்தபடியே நிமிடக் கணக்கில் புகையையும் தூளையும் சுவாசிக்கும் வேலை இது.

---

நிழல்மரம் எழுதியது:

இழைப்புளி அக்கா, மிக்க நன்றி. 6 செ.மீ. என்று முடிவு செய்துவிட்டேன்.

மேல்புறணியையும் (பட்டையோடு வரும் முதல் சீவல்) அதற்குக் கீழே இரண்டு பலகைகளையும் எடுத்தாயிற்று. ஏணி வைப்பதில்தான் நேரம் போனது. சட்டத்தை வைத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் முறுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆப்பு தட்டிச் சரிசெய்தோம். முதல் பலகை அருமையாக வந்தது. தண்ணீர் தெளித்ததும் பழுப்பும் பொன்னும் கலந்த ரேகை எழும்பி வந்தது. உடன் நின்றவர்கள் எல்லாரும் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது பலகையில் இரண்டு குறைகள். நீளவாக்கில் நேராக இருக்கிறது. குறுக்கே நேர்ச்சட்டம் வைத்தால் நடுவில் 4 மி.மீ. பள்ளம். அதோடு, பரப்பில் கைவிரல் அகலத்துக்கு அலை அலையாக வரிகள். முதல் பலகையில் தூள் குறுமணலாக வந்தது, இரண்டாவதில் பாதிக்கு மேல் மாவாக வந்தது. மீதி மரத்தை அறுக்கும் முன் காரணம் தெரிய வேண்டும்.

---

வாள்வாய் எழுதியது:

முதல் பலகை நேராக வந்தது மகிழ்ச்சி. வழித்தடம் சரி என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆகவே இரண்டாவதன் குறை செயினில்தான் இருக்க வேண்டும். தூள் மாவாக மாறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பல் மழுங்கிவிட்டது. அந்த ஆணிகளுக்குப் பக்கத்தில் துரு ஏறிய மரமோ, பட்டையில் ஒட்டியிருந்த மண்ணோ பட்டிருக்கலாம். இனி அறுக்கும் பாதையில் பட்டையைக் கொத்தி எடுத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே ரம்பத்தைக் கொண்டுபோங்கள்.

நடுவில் பள்ளம் விழக் காரணம், ஒரு பக்கப் பற்கள் மறுபக்கத்தைவிட மழுங்கியிருப்பது. செயினில் பற்கள் இடமும் வலமும் மாறி மாறி வரும். மேல்நோக்கி வெட்டும் பற்களும் கீழ்நோக்கி வெட்டும் பற்களும் சம பலத்தில் இருந்தால் பார் நடுவே நேராக ஓடும். ஒரு பக்கம் வலுவிழந்தால் மறுபக்கம் தன்பால் இழுக்கும். பாரின் இரு முனைகளையும் சட்டகம் பிடித்துக்கொண்டிருப்பதால் அது வளையக்கூடிய ஒரே இடம் நடுப்பகுதி. பள்ளம் நடுவில் விழுவது அதனால்தான்.

மழுங்கல் மிகுந்த பல்லைத் தேடுங்கள். வெயிலில் செயினைத் திருப்பிப் பார்த்தால் கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக்கோடு மின்னும். அந்தப் பல்லில் வெள்ளைக்கோடு மறையும்வரை அரம் இழுத்து, எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை, இரு பக்கமும். 3/8 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) உள்ள செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. உருட்டரம், செயினின் உறையில் எது எழுதியிருக்கிறதோ அது. அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டின் உயரத்தையும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருப்பது நல்ல அளவு. பற்களைத் தேய்த்துக்கொண்டே வந்து மேட்டைத் தொடாமல் விட்டால் பல் மரத்தைக் கடிக்காது, நீங்கள் அமுக்கத் தொடங்குவீர்கள், சூடு ஏறும்.

அலைவரிகள் தள்ளும் முறையால் வருபவை. ரம்பத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தள்ளினால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி விழும். கூரான செயினுக்கு ஆட்டமே தேவையில்லை. ஒரே சீரான அழுத்தத்தோடு, எஞ்சின் ஓசை தாழாத வேகத்தில் நகருங்கள். ஆப்பு வைக்க நிற்கும்போதும் சட்டகத்தைப் பின்னால் இழுக்காமல் அதே இடத்தில் வைத்திருங்கள்.

அடுத்த அறுப்புக்கு முன் ஒன்று மறக்காதீர்கள். இப்போது மரத்தின் மேல்பரப்பிலும் அந்த வளைவு மேடாகவோ பள்ளமாகவோ பதிந்திருக்கும், சட்டகம் அதன் மேல்தான் ஓட வேண்டும். 4 மி.மீ. வளைவின் மேல் நேரடியாக ஓட்ட வேண்டாம். ஏணியை மறுபடி ஏற்றி, இரு சட்டங்களை வைத்துப் பார்த்து, புதிதாக ஒரு மட்டப்பரப்பு எடுத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு மெல்லிய பலகை போகும். போகட்டும்.

---

பிஸ்டன் எழுதியது:

பாரையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு தண்டவாள விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்திப் பார்த்தால் தெரியும். ஒன்று தேய்ந்திருந்தால் பார் சாய்ந்து நிற்கும். எத்தனை கூர் போட்டாலும் அறுப்பு ஒரு பக்கமே இழுக்கும். விளிம்பில் பிசிறு இருந்தால் தட்டையான அரத்தால் சீவிவிடுங்கள். நிறையத் தேய்ந்திருந்தால் பாரை மாற்றுவதுதான் வழி.

---

நிழல்மரம் எழுதியது:

பார் சரியாக இருக்கிறது. செயினில் வலப்பக்கப் பற்கள் ஆறேழில் வெள்ளைக்கோடு பளிச்சென்று தெரிந்தது. ஐயா சொன்னபடி எண்ணி அரம் போட்டு, ஏணி வைத்துப் புதுப்பரப்பு எடுத்து, மீதி மரம் முழுவதையும் அறுத்து முடித்துவிட்டோம். பள்ளம் இல்லை, வரிகள் மிகவும் குறைந்துவிட்டன. தூள் கடைசிவரை குறுமணலாகவே வந்தது. போரான் பூசி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். நடுமையம் ஓடும் பலகைதான் எல்லாவற்றிலும் அகலமானது, ரேகையும் அதில்தான் மிக அழகு. அதையே மேசைக்கு வைக்கலாமா?

---

இழைப்புளி எழுதியது:

முழுசாக வைக்க வேண்டாம். நடுமையம் உள்ளே இருக்கும்வரை அந்தப் பலகை காயக் காய மையக்கோட்டிலேயே வெடிக்கும். வெடிப்பு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதே, பச்சையாக இருக்கும்போதே, மையக்கோட்டை நூல் பிடித்துக் குறித்து, நெட்டுக்கு அறுத்து, மையத்தைச் சுற்றி இரு பக்கமும் 2 செ.மீ. அகலத்தைக் கழித்துவிடுங்கள். இரண்டு அரைப்பலகைகள் கிடைக்கும். வளையங்கள் அவற்றில் பரப்புக்கு ஏறத்தாழ செங்குத்தாக நிற்பதால், உங்கள் அடுக்கிலேயே மிகக் குறைவாக வளையப்போவது அந்த இரண்டும்தான். காய்ந்தபின் அவற்றை ஒட்டினால் மேசைக்கு அவையே போதும். அடுக்கில் அவற்றைக் கீழ்வரிசையில் வையுங்கள், எடை நன்றாக இறங்கும். நெட்டுக்கு அறுத்த புது விளிம்புகளுக்கும் போரான் பூசுங்கள்.